காடித்தொட்டியின் தோளில் முடுக்கி

யானை பிறக்காத, ஆலமரம் முளைக்காத, மீனுக்குக்கூட இன்னும் யாரும் செதில் ஒட்டாத அந்தக் காலத்தில், கடலோரப் பாறைக்குழி ஒன்றில் ஓர் ஊர் மிதந்துகொண்டிருந்தது. ஊர் என்றதும் தெருவையும் தேரையும் தேடாதீர்கள். அது ஓர் உயிரணு. கண்ணுக்கே தெரியாத ஒற்றை உயிரணு. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால், அடேயப்பா, என்ன கூட்டம், என்ன இரைச்சல்! அப்போதெல்லாம் உயிரணுவுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பேசுவார்கள். பேசுவார்கள் என்ன, வாய் ஓயவே ஓயாது.

ஊரைச் சுற்றி எண்ணெய்ப் படலம் போல ஒரு மெல்லிய சுவர். சுவரில் வாசல்கள். உள்ளே இருந்த அத்தனை பேரும் மணிச்சரங்கள். சின்னச் சின்ன மணிகளைச் சரமாகக் கோர்த்து, மடக்கி, முறுக்கி விட்டால் அது ஓர் ஆள். அந்த ஆள் நைந்துபோனால் சரத்தை அவிழ்த்து மணிகளை எடுத்து வேறோர் ஆளைக் கோர்ப்பார்கள். பிறப்பும் இறப்பும் அங்கே அவ்வளவுதான். யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பொட்டு வைக்காமல் யாரும் பெரிய வேலையில் இறங்க மாட்டார்கள். நெற்றியில் பொட்டு விழுந்ததும் மணி கோர்ப்பவர்கள் துள்ளி எழுந்து சரம் கோர்க்கத் தொடங்குவார்கள். வாரிகள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. நைந்தது, கிழிந்தது, வேலைக்கு ஆகாதது எல்லாவற்றையும் பையில் வாரிக்கொண்டு போவது அவர்கள் தொழில். அவர்களுக்குப் பொட்டு வைத்தாலோ நேர்மாறு, அப்படியே தூங்கிப்போவார்கள். கட்டுகிற நேரத்தில் கலைக்கக் கூடாது என்று யாரோ ஆதியில் வகுத்த ஏற்பாடு. வைத்த பொட்டைத் துடைக்க யாராலும் முடியாது. மேலும் மேலும் வைக்காமல் விட்டால் அது தானே மங்கிப்போகும்.

பொட்டு வைக்கிறவள் பெயர் முடுக்கி.

நீளமான உடம்பு, அதைவிட நீளமான நாக்கு. கால் ஓரிடத்தில் தரிக்காது. நினைத்த இடத்துக்கு ஓடுவாள், கண்ணில் பட்ட நெற்றியில் எல்லாம் பொட்டு வைப்பாள். கூடவே தம்பி கைகாட்டி அவள் இடுப்பைப் பிடித்தபடி வருவான். யாருக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று ஆளைக் காட்டிக்கொடுப்பது அவன் வேலை. அவன் இல்லாவிட்டால் முடுக்கி வைக்கிற பொட்டு பாதி காற்றில் போகும், அது அவளுக்கும் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மாட்டாள்.

முடுக்கிக்கு வாசல் என்றால் உயிர். ஊரின் கௌரவமான இடம் அது. வெளிச்செய்தி எல்லாம் முதலில் அங்கேதான் வரும். வாசல் காக்கும் வாசலாண்டி அண்ணாச்சிக்கு அண்டம் அதிரும் குரல். அவர் பக்கத்தில் ஒரு திட்டு இருந்தது. அதில் நின்றால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அந்தத் திட்டுக்கு முடுக்கிக்கும் அவள் இரட்டைப் பிறவி மிடுக்கிக்கும் தினமும் சண்டை. இருவருக்கும் ஒரே முகம், ஒரே கை, ஒரே வீம்பு. கூட்டாளி மட்டும்தான் வேறு. சண்டையில் எப்போதும் முடுக்கியே ஜெயித்தாள்.

ஊரின் பின்பக்கம் காடித்தொட்டி. உருண்டையாக, உப்பலாக, உள்ளே புளித்த நீர் கொப்புளித்துக்கொண்டு கிடக்கும். வாரிகள் கொண்டுவரும் பழசை எல்லாம் அது கரைத்து மணிகளாக்கும். அதைப் பார்த்துக்கொள்பவன் காடன், முடுக்கிக்கு முறை மச்சான். அந்தப் பக்கம் காற்றடித்தாலே முடுக்கி மூக்கைப் பொத்திக்கொள்வாள். காடனும் சளைத்தவன் இல்லை. அவள் தூரத்தில் போகும்போதே, "ஏளா, மூக்கு பத்திரம், கழண்டு வுழுந்துறப் போவுது!" என்று கத்துவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஊருக்கு ஒரு நாள் பெரிய அலை வந்தது.

பாறைக்குழியில் அலை மோதித் தெறித்ததும் வாசலாண்டி வெளியே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் குதித்தார். "வந்துட்டு! ஏ, வந்துட்டு! இனிப்பாத் தண்ணி வருது! கொட்டுது வே, கொட்டுது!"

ஊரே எழுந்து ஆடியது. எத்தனையோ காலமாக அரைவயிறு. இப்போது வாசலில் இனிப்பு வழிகிறது! முடுக்கிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. திட்டில் ஏறி நின்று, "கட்டுங்கலே! எல்லாவனும் கட்டுங்க! இன்னைக்கு நம்ம ஊரு ரெண்டாப் பெருகணும்!" என்று கூவினாள்.

கைகாட்டி மெல்ல இழுத்தான். "யக்கா, வெளிய இனிப்பு வருது, சரி. உள்ள மணி இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமே."

"எங்க போயிப் பாக்க? அந்தப் புளிச்ச நாத்தத்துலயா? நீ ஆளைக் காட்டு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

காட்டினான். அக்காள் சொன்னால் தம்பி என்ன செய்வான்?

பிறகு பாருங்கள் வேடிக்கையை! முடுக்கி பறந்தாள். கிழக்கே ஒரு பொட்டு, மேற்கே ஒரு பொட்டு, போகிற வழியில் தூங்குமூஞ்சிகளுக்கும் ஒரு பொட்டு. மணி கோர்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து கோர்க்கத் தொடங்கினார்கள். சரங்கள் நீண்டன, வளைந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வாரிகளுக்கும் மறக்காமல் பொட்டு வைத்தாள், அவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள். வாசலாண்டி விடாமல் கத்தினார். முடுக்கி விடாமல் வைத்தாள். அவளுக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுது வாய்த்ததே இல்லை.

அப்போது ஒரு கோர்ப்பவன் கையை விரித்தான். "மணி இல்ல."

அடுத்தவனும் விரித்தான். அதற்கடுத்தவனும் விரித்தான். ஊர் முழுக்கக் கைகள் விரிந்தபடி நின்றன. இனிப்பு என்னவோ வாசலில் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இனிப்பைத் தின்னலாம், எரிக்கலாம். அதை அப்படியே சரத்தில் கோர்க்க முடியாதே! கோர்ப்பதற்கு மணி வேண்டும். இருந்த மணி எல்லாம் அரைகுறைச் சரங்களில் மாட்டிக்கிடந்தது. தலை இல்லாத சரம், வால் இல்லாத சரம், நடுவில் நின்றுபோன சரம். தெருவெல்லாம் அடைத்துக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தன.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சுவரில் இறைப்பான்கள் இருந்தார்களே, அவர்கள் கதைதான் மோசம். வெளி உப்பு எப்போதும் சுவர் வழியே உள்ளே கசியும். அதை ஓயாமல் வெளியே இறைத்துத் தள்ளுகிறவர்கள் அவர்கள். இறைத்து இறைத்து நைந்துபோவார்கள், புதியவர்களைக் கோர்த்து இடத்தை நிரப்ப வேண்டும். இப்போது புதியவர் ஒருவரும் வரவில்லை. ஒரு கிழ இறைப்பான் கை சோர்ந்து சுவரைவிட்டு நழுவினான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் நழுவினான். உப்பு உள்ளே ஏறியது, உப்பைத் தேடித் தண்ணீரும் உள்ளே ஏறியது. ஊர் உப்ப ஆரம்பித்தது.

சுவர் விறைத்து நெறுநெறுவென்று முனகியது. இன்னும் கொஞ்சம் போனால் வெடிக்கும்.

முடுக்கி சுவரை அண்ணாந்து பார்த்தாள். தன் கையால் வைத்த பொட்டு, தன் வாயால் கொடுத்த கூவல். ஊர் வெடித்தால் அது தன்னால்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தம்பியை இழுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து போகாத பக்கமாக ஓடினாள்.

"மச்சான்! மணி குடுங்க! உடனே குடுங்க!"

காடன் தொட்டிக்கு மேலே படுத்துக் கிடந்தான். "வாங்கம்மா வாசல்காரி! மூக்கைப் பொத்தலையா?"

"கேலிக்கு இதுவா நேரம்? ஊரு வெடிக்கப் போவுது!"

"நானா வெடிக்கச் சொன்னேன்? தொட்டியப் பாரு, காலியாக் கெடக்கு. பழசைக் கொண்டாந்து கொட்டுனாத்தான் மணி. கொட்டுத பயலுவளப் பாரு, எப்படித் தூங்குதானுவன்னு."

தொட்டிக்கு வரும் வழியெல்லாம் வாரிகள் வரிசையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை நெற்றியிலும் பொட்டு. பளபளவென்று, அப்போதுதான் வைத்த பொட்டு.

முடுக்கி ஒவ்வொருவனாக உலுக்கினாள். கிள்ளினாள். காதில் கத்தினாள். ஒருவன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். வைக்கத்தான் அவளுக்குத் தெரியும், எடுக்கத் தெரியாது. இனி செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. பொட்டு மங்கும்வரை யாருக்கும் பொட்டு வைக்காமல் இருக்க வேண்டும். சும்மா இருக்க வேண்டும். முடுக்கி சும்மா இருக்க வேண்டும்!

"தம்பி, என் கையப் புடிச்சுக்கோ. நான் திமிறுனாலும் விட்டுறாத."

இருவரும் தொட்டியின் தோளில் ஏறி உட்கார்ந்தார்கள். புளிப்பு கண்ணை எரித்தது. கை அரித்தது. அந்தப் பக்கம் போகிற கோர்ப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் விரல் தானாக எழுந்தது, கைகாட்டி அமுக்கினான். சுவர் முனகியது. இன்னும் ஓர் இறைப்பான் நழுவினான். முடுக்கிக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு வாரி கொட்டாவி விட்டான்.

அவன் எழுந்தான். பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். எழுந்ததும் பையை விரித்தார்கள் பாருங்கள், என்ன வேகம்! தெருவை அடைத்துக்கிடந்த அரைகுறைச் சரங்கள், சுவரிலிருந்து நழுவிய கிழவர்கள், உடைசல், கிழிசல் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டித் தொட்டிக்குள் தள்ளினார்கள். தொட்டி குபுகுபுவென்று கொதித்தது. முடுக்கி தொட்டித்தோளில் முதுகைச் சாய்த்திருந்தாள். அந்த முதுகில் என்னவோ தட்டியது. முதலில் ஒன்று. பிறகு சடசடவென்று. பிறகு உள்ளே கலகலவென்று மணிகள் உருளும் சத்தம்.

"கேக்குதா தம்பி? மணி! மணிச்சத்தம்!"

அத்தனை அழகான சத்தத்தை அவள் வாசலில் கேட்டதே இல்லை. துள்ளிக் குதித்தாள். குதித்தவள், பழக்கதோஷம், நேரே வாசலுக்கு ஓடினாள்! நல்ல சேதி என்றால் திட்டில் நின்று சொன்னால்தானே சேதி?

திட்டில் ஏறினாள். பக்கத்தில் வாசலாண்டி, "இன்னும் வருது வே, கொட்டுது!" என்று அலறினார். அந்த அலறலில் முடுக்கிக்கு மறுபடி தலை சுற்றியது. கோர்ப்பவர்களுக்கு வைத்தாள், வாரிகளுக்கு வைத்தாள், எதிர்ப்பட்டவனுக்கெல்லாம் வைத்தாள். கைகாட்டி, "யக்கா, இறைப்பான் கோக்குதவனுக்கு மட்டும், அவனுக்கு மட்டும்!" என்று கத்தியது காதில் விழவில்லை. வந்த மணி கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. இறைப்பான் ஒருவன்கூட முழுசாக உருவாகவில்லை.

சுவர் ஓரிடத்தில் பிளந்தது. சின்னப் பிளவுதான். உள்ளே பீய்ச்சிய தண்ணீரில் கைகாட்டி சுருண்டு விழுந்தான். அவன் ஓரத்து மணிகள் தெறித்து ஓடின.

"தம்பி!"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா," என்றான் அவன் திணறிக்கொண்டே. "ஒனக்குக் கேக்கலையா? மணி தீந்துபோயி எம்புட்டு நேரமாச்சு."

கேட்கவில்லை. அதுதான் விஷயம். திட்டில் நின்றால் அவளுக்கு வெளியே இருப்பது மட்டுமே கேட்டது. உள்ளே இருப்பது, இல்லாதது எதுவும் கேட்கவில்லை. முடுக்கி திரும்பி மிடுக்கியைப் பார்த்தாள். பிளவின் மேல் முதுகைக் கொடுத்து, தண்ணீரை அடைத்துக்கொண்டு நின்றவள் மிடுக்கிதான்.

"ஏட்டி மிடுக்கி, திட்டு ஒனக்கு. எடுத்துக்கோ. சுவரப் பாத்துக்கோ."

மிடுக்கிக்கு நம்ப முடியவில்லை. "வெளயாடுதியா?"

"வெளயாட நேரமில்லட்டி." முடுக்கி திட்டைவிட்டு இறங்கினாள். வாசல் அவளுக்கு உயிர் என்று சொன்னேன் அல்லவா? திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தொட்டித்தோளில் கொளுவன், கொளுவி என்று ஒரு தம்பதி உண்டு. எப்போதும் சேர்ந்தே நிற்பார்கள். தொட்டிக்குள் மணி நிறைந்தால் இருவரும் கையை நீட்டுவார்கள், குறைந்தால் மடக்கிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, சுபாவம் அப்படி. முடுக்கி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க கையை நீட்டும்போது என் தம்பியப் புடிச்சுக்கிடுங்க. அவன் என்னையப் புடிச்சிருப்பான். நான் இங்கன இருந்துதான் பொட்டு வைப்பேன், வேற எங்கயும் வைக்க மாட்டேன். நீங்க கையை மடக்குனா எங்கள விட்டுருங்க. நான் கெஞ்சுவேன். புடிக்காதிய."

கொளுவி கேட்டாள். "நெசமாத்தான் சொல்லுதியளா?"

"சத்தியமா."

காடன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் குரலில் கேலி போயிருந்தது. "வாசல்ல நின்னவளா நீ. இங்கன நாறும்ளா."

"நாறட்டும் மச்சான். காது கேக்குதுல்லா."

"அப்ப வாசலாண்டி சத்தம்? வெளிய பஞ்சமா இருக்கையில உள்ள மணி இருக்குன்னு கட்டுனா, அதுவும் வெனைதான?"

அதையும் யோசித்தார்கள். தொட்டித்தோளில் சுடர் என்று ஒரு சின்ன விளக்கு இருந்தது. வாசலில் நல்ல சேதி என்றால் வாய்வழியாக ஆள் மாற்றி ஆள் சொல்லி அந்தச் சுடரை ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சுடர் எரிய வேண்டும், மணியும் உருள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முடுக்கியின் விரல் எழும்.

பிறகு காத்திருந்தார்கள். சுடர் எரிந்துகொண்டிருந்தது. வாரிகளின் பொட்டு மங்கியது, எழுந்தார்கள், வாரினார்கள், கொட்டினார்கள். தொட்டி கொதித்தது. கலகலவென்று சத்தம் வந்ததோ இல்லையோ, கொளுவனும் கொளுவியும் சடக்கென்று கை நீட்டிக் கைகாட்டியைப் பிடித்தார்கள். கைகாட்டி அக்காளை இழுத்து உட்காரவைத்தான்.

"அந்தா, அவன்! இறைப்பான் கோக்குதவன்! அவனுக்கு வை!"

வைத்தாள். அவன் கோர்க்கத் தொடங்கினான். சரம் நீண்டது, பாதி வந்தது, முக்கால் வந்தது. முடுக்கிக்கு உற்சாகம் தலைக்கேறியது. அடுத்தவனை நோக்கி விரலை நீட்டினாள். அந்த நொடியில் கொளுவனும் கொளுவியும் கையை மடக்கினார்கள். முடுக்கியும் தம்பியும் தொட்டித்தோளிலிருந்து வழுக்கி விழுந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு! இன்னும் ஒரே ஒருத்தனுக்கு வச்சிருதேன்! கொளுவி, ஒன் காலப் புடிச்சுக் கேக்கேன்!"

கொளுவி கையை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

முடுக்கி கீழே கிடந்தபடி மேலே பார்த்தாள். கோர்ப்பவன் கடைசி மணியைக் கோர்த்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஒரு சரம். ஆனால் முழுச்சரம். தலையும் வாலும் உள்ள, கையும் காலும் ஆடுகிற ஓர் இறைப்பான்! அவன் ஓடிப்போய்ச் சுவரில் ஏறி, உப்பை அள்ளி வெளியே வீசினான். ஊரே ஆரவாரித்தது. சுவரில் முதுகு கொடுத்து நின்ற மிடுக்கி, "ஒருத்தன் வந்துட்டான்! ஏட்டி முடுக்கி, ஒருத்தன் வந்துட்டான்!" என்று அங்கிருந்து கூவினாள்.

மறுபடி வாரிகள் பையை நிரப்பிக் கொட்டினார்கள். மறுபடி மணி உருண்டது. கொளுவி கையை நீட்டினாள். முடுக்கி ஏறினாள், வைத்தாள், விழுந்தாள். ஏறினாள், வைத்தாள், விழுந்தாள். ஒவ்வொரு முறையும் விழும்போது கெஞ்சினாள், ஒவ்வொரு முறையும் கொளுவி கேட்கவில்லை. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு முழு இறைப்பான் சுவருக்குப் போனான். உப்பு இறங்கியது, தண்ணீர் இறங்கியது. விறைத்து நின்ற சுவர் மெல்லத் தளர்ந்து பழையபடி நெளிந்தது. கைகாட்டியின் ஓரத்தில் தெறித்த மணிகள் திரும்பி வரவில்லை. அவன் அதற்காக முகம் சுளித்ததும் இல்லை.

ஊர் பிழைத்தது! பிழைத்தது மட்டுமா? வாசலிலும் நன்றாக இருந்து, தொட்டியிலும் மணி நிறைந்து வழிந்த ஒரு நல்ல நாளில், அந்த ஊர் அவசரப்படாமல் வளர்ந்து, நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டு ஊர்களாகப் பிரிந்தது. இரண்டிலும் ஒரு காடித்தொட்டி. இரண்டிலும் தொட்டித்தோளில் ஒரு முடுக்கி, சுவரோரத்தில் ஒரு மிடுக்கி. அவை மேலும் பிரிந்து, சேர்ந்து, காளானாகி, பாசியாகி, மீனாகி, ஆலமரமாகி, யானையாகி, கடைசியில் நாமும் ஆனோம். முடுக்கி கொடுத்த சத்தியத்தை இன்றுவரை ஒருத்தியும் மீறவில்லை. வாசல் திட்டுக்குப் போக ஆசை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வாள் என்று நினைக்கிறேன். ஆனால் போக மாட்டாள்.

அந்த நாளிலிருந்துதான், நீங்கள் வயிறார உண்டால் உங்கள் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் முடுக்கி தொட்டித்தோளில் ஏறிக்கொண்டு "கட்டுங்கலே!" என்று கூவுகிறாள், நீங்கள் ஒரு நாள் பட்டினி கிடந்தால் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவிடுகிறாள், வாரிகள் எழுந்து பழசை வாருகிறார்கள், அந்தப் பழசைத் தின்று நீங்கள் பிழைத்துக் கிடக்கிறீர்கள்.